கொட்டாஞ்சேனையின் இரண்டாவது போறணை

அன்புள்ள மருமகன் ராகுலனுக்கு,

நீரும் என் மகள் கௌரியும் நலமாயிருக்க வேண்டும். வெள்ளவத்தையில் நான் நலமில்லை. காரணம் உடம்பல்ல, நீர் கிளை முகாமையாளராக இருக்கும் வங்கி.

நான் அதன் பழைய பங்குதாரன். இம்முறையும் பங்கிலாபம் இல்லை. இலாபமெல்லாம் ஐயக்கடன் ஏற்பாட்டுக்குப் போய்விட்டதாம். அதாவது, திரும்பி வராது என்று நீங்கள் பயப்படும் கடன்களுக்காக என் காசை ஒதுக்கிவிட்டீர்கள். கௌரியின் பழைய கணக்கீட்டுப் புத்தகத்தை வைத்து இதை நானே படித்து விளங்கிக்கொண்டேன். பொதுக்கூட்டத்தில் எழும்பிச் சொன்னேன்: "யார் முகத்தையும் பார்த்துக் கடன் கொடாதீர்கள். பிணைக்குக் கையெழுத்து வைப்பவன் முட்டாள். அவனை நம்பிக் கொடுப்பவன் அவனிலும் முட்டாள்." தலைவர் நன்றி சொல்லி, பற்றிஸும் தேநீரும் தயார் என்று அறிவித்தார்.

பிறகு பத்திரிகையில் உமது கிளையின் ஏல அறிவித்தலைக் கண்டேன். கொட்டாஞ்சேனையில் ஒரு பேக்கரி. விலைபோகுமுன் என் சொத்தை நான் பார்க்க வேண்டாமா? பஸ் ஏறிப் போனேன். உரிமையாளர் இமெல்டா கல்லாவில் இருந்தார்.

"உங்களுக்குக் கடன் தந்தவன் நான்."

"நீங்களா? உங்கள நான் கண்டதே இல்லையே ஐயா."

"பங்குதாரன்."

"அப்ப உங்கட பங்குக்கு ஒரு மாலுபாண் சாப்பிடுங்க."

வெள்ளிக்கிழமை, மீன் வேண்டாம் என்றேன். முதலை வடிவில் சீனி தூவிய கிம்புலா பணிஸ் வந்தது. முடிக்குமுன் இன்னொன்றும் வந்தது.

உள்ளே இரண்டு போறணைகள். ஒன்றில் நெருப்பு எரிந்து பாண் வேகிறது. மற்றதைத் துணியால் மூடி, மேலே அந்தோனியார் படம் வைத்திருக்கிறார். "நான் ஒண்ணுதான் கேட்டேன் ஐயா. மெனேஜர்தான், 'ரெண்டா எடுங்க அக்கா, எங்களுக்கு டார்கட் இருக்கு'ன்னு சொன்னாரு."

அந்த மெனேஜர் நீர்.

பாதித் தவணையை அவர் மாதாமாதம் தவறாமல் கட்டுகிறார். மற்றப் பாதியையும் கட்டுவதென்றால் கொட்டாஞ்சேனை முழுவதும் தினம் இரண்டு தரம் காலைச் சாப்பாடு சாப்பிட வேண்டும். கடன் இடர் முகாமைத்துவம் என்று ஆண்டறிக்கையில் அரைப் புத்தகம் எழுதியிருக்கிறீர்கள். கொடுக்குமுன் ஒருவர் அந்தக் கடைக்குள் போய் ஒரு பணிஸ் தின்றிருந்தால் போதும்.

இப்போது ஏலம் விட்டால் பாதிக் காசுதான் தேறும், மிச்சத்துக்கு மறுபடியும் என் பங்கிலாபம் போகும். ஆகவே ஏலத்தை நிறுத்தும். சும்மா நிற்கும் போறணையை விற்றுக் கடனில் கழித்து, மீதிக்குத் தவணையை நீட்டிக் கொடும். இதை இரக்கம் என்று நினைக்க வேண்டாம், எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. இது கணக்கு.

பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உமக்கு, பதில் வந்த பிறகு.

இப்படிக்கு,
மாமா
க. நாகேந்திரம்

பி.கு.: தவணையை நீட்ட உமது மேலிடம் பிணையாளி கேட்கும். இத்துடன் என் கையெழுத்து இருக்கிறது. என் பங்குகள் முழுவதையும் ஈடாக வைத்துக்கொள்ளும். கௌரிக்குச் சொல்ல வேண்டாம். இதை ஏற்க மறுத்தால் அடுத்த பொதுக்கூட்டத்தில் எழும்புவேன். ஏற்றுக்கொண்டாலும் எழும்புவேன், இப்படிப்பட்ட கிழவனை நம்பியா கடன் கொடுக்கிறீர்கள் என்று கேட்பதற்கு.