மேற்குச் சன்னலும் இரட்டைக் கண்ணாடியும்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். இதை யாரும் கேட்காமலேயே சொல்லிவிடுவேன். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். (தேவகோட்டை வந்துவிட்டதா என்றுதான் அவர் கேட்டிருந்தார்.)

சிவில் இன்ஜினியரிங் முடித்த வருடம், ஒக்கூர் வீட்டில் அப்பா ஓர் அறை சேர்த்துக் கட்டினார். "இந்த ரூமை நீ பாத்துக்க. சரியா வந்துச்சுன்னா மாடியும் ஒன் பொறுப்பு. இல்லேன்னா சேவியரே போடட்டும்" என்றார். சேவியர் அண்ணன் எங்கள் கொத்தனார். எங்கள் தெருவில் பாதி வீடு அவர் கட்டியது. எனக்கோ அந்த மாடி வேண்டும். கனவில்கூடப் படியேறிக்கொண்டிருந்தேன்.

மேற்குச் சுவரில் ஆளுயரத்துக்கு ஓர் இரட்டைக் கண்ணாடிச் சன்னல் வரைந்தேன். இரண்டு கண்ணாடிகள், நடுவே விரற்கடை இடைவெளியில் அடைபட்ட காற்று. அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது என்று படித்திருந்தேன். திறக்க முடியாத சன்னல். மதுரையிலிருந்து வரவழைத்தேன்.

"மேக்க பாத்த சன்னலு. மேல ஒரு சன்ஷேடு இழுத்து விடுவோமா?" என்று கேட்டார் சேவியர் அண்ணன்.

"வேணாம்ண்ணே. நடுவுல இருக்க காத்து வெக்கைய உள்ள விடாது."

"சரித்தா. படிச்ச புள்ள சொன்னாச் சரி."

(அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.)

மே மாதம் மந்திரிப்பு. பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளிக்கும்வரை புது அறையில் யாரும் புழங்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். காலையிலேயே அம்மா சன்னலோர மேசையில் மாதா சுரூபத்தையும் நான்கு மெழுகுதிரிகளையும் வைத்து, கதவைப் பூட்டி ரிப்பன் கட்டிவிட்டார். சாமியார் வந்தபோது மணி நாலு.

ரிப்பனை வெட்டிக் கதவைத் திறந்ததும், கொதிக்கும் இட்லிப் பானையைத் திறந்தது போல முகத்தில் அடித்தது. இருந்தும் முப்பது பேர் உள்ளே போனோம். (ஃபேன் மாட்டவில்லை. தேவைப்படாது என்று சொன்னதும் நான்தான்.) நான் சாமியாரிடம் இரட்டைக் கண்ணாடியின் மகிமையை விளக்க ஆரம்பித்திருந்தேன். அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு மெழுகுதிரிகளும் வளைந்து, தலை மேசையைத் தொட்டுக்கொண்டு நின்றன.

"நாம இன்னும் செபத்தையே ஆரம்பிக்கல. அதுக்குள்ள இதுக முழங்கால் போட்டுருச்சே" என்றார்.

"சன்னலத் தொறங்கத்தா" என்றார் அத்தை.

"அது தொறக்காது அத்தை."

"தொறக்காததுக்கு எதுக்குச் சன்னல்னு பேரு?"

பின்னாலிருந்து சித்தப்பா, "சாமி, சுருக்கமா முடிங்க. அடுத்து நாங்கதான் உருகணும்" என்றார். எல்லாரும் முற்றத்துக்குப் போய்விட்டார்கள். செபமும் அங்கேயே நடந்தது.

நான் மட்டும் உள்ளே நின்றேன். கண்ணாடியைத் தொட்டேன், லேசான சூடுதான். வெயில் விழுந்த தரையில் காலை வைத்தேன், சுட்டுவிட்டது. அப்போதுதான் புரிந்தது. வெக்கை கண்ணாடியைச் சூடாக்கிக்கொண்டு வரவில்லை, வெளிச்சமாகவே நுழைந்துவிட்டது. தரையில் விழுந்து வெக்கையானதும் வெளியே போகத்தான் வழியில்லை. அதைத்தான் நடுவிலிருந்த காற்று தடுத்து வைத்திருந்தது. உள்ளே வந்த வெயிலைப் பத்திரமாகக் காப்பது குளிர் நாட்டில் பெரிய வரம். கண்ணாடி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. எந்த ஊரில் நிற்கிறோம் என்பதை மறந்தது நான்.

வெளியே சேவியர் அண்ணன் சன்னலுக்கு மேலே தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார். அவர் ஏதாவது திட்டியிருந்தால் தேவலை.

அப்பாவிடம் போய், "தப்பு என்னோடதுதாம்ப்பா. மாடிய அண்ணனே போடட்டும்" என்றேன்.

அப்பா தார்ப்பாயைப் பார்த்தார். "மாடிய நீயே வரை" என்றார். "ஆனா அந்த ரூம்ல உக்காந்து வரை. தார்ப்பாயக் கழட்டிட்டு, சாயங்காலம் நாலு மணிக்கு."

பத்து நாள் உட்கார்ந்தேன். எங்கள் மாடியில் மேற்குப் பக்கம் சன்னலே கிடையாது.

இப்போதும் வீட்டில் யாராவது எதையாவது அடித்துப் பேச ஆரம்பித்தால், சித்தப்பா கடிகாரத்தைப் பார்ப்பார். "இருக்கட்டும், நாலு மணி ஆகட்டும்" என்பார்.