லாரிக்குள் ஆறு பேர்

"இறங்கக் கூடாது மாமா. வண்டி முழு வேகத்துல வந்திருக்கு. இந்த முறை உள்ள இருக்கறவங்க இறங்க முடியாது," என்றான் வக்கீல் மச்சான்.

சாப்பாட்டு மேசைமேல் அட்டைப் பாலத்தை ஒட்டி உள்ளங்கை அளவு லாரி நின்றது. மேசையின் அந்தக் கோடியில் இருந்த அட்டைத் தபாலாபீசில்தான் பஸ் டிரைவரான மாமாவின் ஆறு பிளாஸ்டிக் வீரர்களும் தங்கியிருந்தார்கள். ஆட்டம் தொடங்கியதுமே டிரைவர் லாரியோடு அங்கிருந்து ஒரே மூச்சில் பறந்து வந்துவிட்டார்.

"இருபது வருஷமா பஸ் ஓட்டறேன். எனக்கே சட்டம் சொல்றியா?"

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் மாமா."

ஆட்டம் முடியும்போது ஆறில் ஒருவன் பிழைத்திருந்தாலும் டிரைவருக்கு வெற்றி. ஆனால் அவர் இதுவரை ஜெயித்ததே இல்லை. "இன்னிக்கும் தோத்தா இது சாப்பிடற மேசை. பொம்மையெல்லாம் பரணுக்கு," என்று மனைவி காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மாமியார் மூலையில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நேற்றிலிருந்து மாப்பிள்ளையோடு அவர் பேசவில்லை. ஏனென்று கேட்க டிரைவருக்குத் தைரியமில்லை.

டிரைவருக்கோ இந்த லாரி என்றால் உயிர். குறித்த நேரத்துக்கு முன்பே வண்டியைக் கொண்டுவந்து சேர்ப்பதில் டிப்போவிலேயே அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. இருந்தும் வாரம் முழுக்க முதுகுக்குப் பின்னால் யாராவது மணி அடித்துக்கொண்டே இருப்பார்கள். இந்த லாரியில் மணியே கிடையாது. அந்தச் சுகத்துக்காகவே வீரர்களுக்கு ஆளுக்கொரு மீசை வரைந்து வைத்திருந்தார்.

அடுத்த முறை லாரியை மெதுவாக நகர்த்திப் பாலத்தின் அட்டைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினார். "இப்ப இறங்கலாம்ல?"

"கதவு சுவர்ப்பக்கம் இருக்கு மாமா. எப்படி இறங்குவாங்க?"

பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் எடுத்தார். பின்சக்கரம் நீலக் காகிதக் குட்டையில் போய் உட்கார்ந்தது.

"சேத்துல சிக்கின வண்டி ஒரு முறை சும்மா நிக்கணும்," என்றான் மச்சான், வாயெல்லாம் பல்லாக. தன் பீரங்கிகள் அத்தனையையும் பாலத்தருகே கொண்டுவந்து பகடையை உருட்டினான். லாரி கவிழ்ந்தது.

"வண்டி போனா உள்ள இருக்கறவங்களும் போனாங்க. ஆறு பேரும் காலி. ஆட்டமும் முடிஞ்சுது. அக்கா, தட்டெல்லாம் எடுத்துட்டு வா."

டிரைவர், பரணில் கிடக்கப்போகிறவர்களைக் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று லாரியின் தார்ப்பாயைத் தூக்கினார். உள்ளே ஒருவரும் இல்லை.

"எங்க மாமா ஆளுங்க?"

"அதான் எனக்கும் தெரியல."

இருவரும் மேசைக்கு அடியில் தவழ்ந்து தேடினார்கள். மனைவி நாற்காலி மெத்தைகளை உதறினாள். டிரைவர் சட்டைப் பையைத் துழாவினார்.

மாமியார் நிதானமாகத் தட்டைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்தார்.

"ஆறு பேரும் இன்னும் தபாலாபீஸ்லதான் நிக்கறாங்க மாப்பிள்ளை, நேத்து என்னை ஸ்டாப்புல விட்டுட்டுப் போன மாதிரியே, இவங்களையும் ஏத்தாமலே கிளம்பிட்டீங்க."