மோர் ஊற்றாத இலை

தென்காசி
27-8-1979

மாப்பிள்ளை டாக்டர் குத்தாலிங்கம் அவர்களுக்கு அத்தான் வல்லிநாயகம் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. அவ்விடத்தில் சகல க்ஷேமமும் பெருகட்டும். இவ்விடத்தில் பெருகியிருப்பது என் உடம்பு மட்டுமே.

உங்கள் அக்காள் குழல்வாய்மொழியின் வருஷத் திதிக்கு வந்தபோது நீங்கள் சொன்னது நினைவிருக்கும். சாப்பாடு உள்ளே போனதும் குடல் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது, அது மூளைக்குப் 'போதும்' என்று தகவல் சொல்கிறது, அதையே எலிகளுக்கு ஊசியாகப் போட்டால் பாதித் தீனியில் நிறுத்திவிடுகின்றன என்றீர்கள். எலிக்கு அப்படி இருக்கலாம். எனக்கு முப்பத்தொரு வருஷமாகத் தகவல் சொன்னது உங்கள் அக்காள்தான். என் முகத்தைப் பார்ப்பாள், மோரை ஊற்றுவாள், சாப்பாடு முடிந்தது. போதுமா என்று அவளும் கேட்டதில்லை, போதும் என்று நானும் சொன்னதில்லை. இப்போது குடலுக்கும் மூளைக்கும் நடுவில் ஆள் இல்லை.

பானை காலியாகும் வரை நான் எழுந்திருப்பதில்லை. நடந்தால் குறையும் என்றீர்களே என்று குற்றாலத்துக்கு நடந்தேன், நடந்தவன் சும்மா திரும்பாமல் அருவியிலும் நின்றேன், அருவியில் குளித்தால் பசிக்கும் என்பது இந்த ஊர்க்காரனுக்கே மறந்துபோயிற்று, வரும் வழியில் பதினான்கு இட்லி ஆனது, ஸ்டேஷன் எடை மிஷினில் ஏறினால் எண்பத்து மூன்று கிலோ, அட்டையின் பின்பக்கம் 'உமது கவலைகள் விரைவில் குறையும்' என்று போட்டிருக்கிறது. அதோடு விட்டதா, போன வாரம் ஆய்க்குடியில் ஒரு கல்யாணம். மோர் வாளி வந்தது, ஊற்றவும் ஊற்றினார்கள், என் கை நிற்கவில்லை. அடுத்த பந்திக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறார்கள். பரிமாறுகிற சங்கிலிப்பாண்டி குனிந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னான்: "அண்ணாச்சி, பந்தி எந்திச்சாச்சு. நீங்க மட்டும் இருக்கியளே."

வெட்கமாகப் போய்விட்டது, மாப்பிள்ளை. ஆகையால் எலிக்குப் போட்ட ஊசியில் எனக்கும் ஒன்று அனுப்பிவைக்கவும். குழந்தைகளுக்கு என் முத்தங்கள். குத்தாலநாதர் உங்கள் குடும்பத்தைக் குறைவில்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
வல்லிநாயகம்

பி.கு.: ஊசி வேண்டாம். தபாலில் சேர்க்குமுன் வாசித்துப் பார்த்தேன், பொய் எழுதியிருக்கிறேன். அவள் போனதிலிருந்து எனக்குப் பசி என்பதே கிடையாது. நாலாவது கவளத்திலேயே போதும் என்று தெரிந்துவிடுகிறது. அவள் ஊற்றும் மோருக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் சாப்பிடுகிறேன்.