ஹின்கலோடு ஒரு மல்லுக்கட்டு

சுர்ஹாய் எடைப்பொறியில் ஏறி நின்றான். எழுபத்து மூன்று. மூச்சை முழுக்க வெளியே விட்டுப் பார்த்தான். எழுபத்து மூன்று. சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஒற்றைக் காலில் நின்றும் பார்த்தான். பொறி மசியவில்லை.

"குளியலறையில என்னடா பண்றே? ஹின்கல் ஆறுது!" கதவுக்கு வெளியே அம்மா பரியத்தின் குரல்.

மல்யுத்தத்தில் தாகெஸ்தான் முழுக்கப் பேர் வாங்கியவன் சுர்ஹாய். இப்போது கம்பிக் கூண்டுக்குள் குத்தும் உதையும் பிடியுமாகச் சண்டை போடும் தொழிலுக்கு மாறியிருந்தான். முதல் சண்டை இந்த வாரம். அதற்கு முந்தின நாள் எடை பார்ப்பார்கள். எழுபது கிலோவைத் தாண்டினால் சண்டை இல்லை. முதல் சண்டையையே கோட்டை விட்டவனை இரண்டாவதற்கு யார் கூப்பிடுவார்கள்?

அம்மாவிடம் சொல்லவும் வழியில்லை. "ஆளைப் பிடிச்சுக் கீழே தள்ளு, வேண்டாங்கல. மூஞ்சியில குத்துற வேலைக்குப் போனேன்னா இந்த வாசப்படி ஏறாதே" என்று அவள் எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அதனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மல்யுத்தம் சொல்லித்தருவதாகக் கதை விட்டிருந்தான். சண்டைச் சுவரொட்டியைத் தங்கள் தெருவில் மட்டும் ஒட்டவிடாமல் பார்த்துக்கொண்டான். அம்மா சந்தைக்குப் போகிற தெரு அவன் நினைவுக்கு வரவில்லை.

மேசையில் ஹின்கல், முஷ்டி பருமனுக்கு வெந்த மாவு உருண்டைகள், ஆவி பறக்கக் காத்திருந்தன. பக்கத்தில் ஆட்டுக்கறி, பூண்டுச் சாறு.

"நான் அபாகர் மாஸ்டர் வீட்டுல சாப்பிட்டுட்டேன்மா."

பயிற்சியாளரின் பேரை இழுத்திருக்கக் கூடாது. பிள்ளைக்குச் சோறு போட்ட வீட்டுக்கு நன்றி சொல்ல வேண்டாமா? அம்மா உடனே போனை எடுத்தாள். மாஸ்டரின் மனைவியோ, "எங்க வீட்டுல அவன் தண்ணி கூடக் குடிக்கலையே!" என்று பதறினாள்.

சற்று நேரத்தில் அபாகரே வாசலில் நின்றார். கையில் ஒரு தாம்பாளம் நிறைய சுது. பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட ரொட்டி, மேலே வெண்ணெய் வழிந்தது.

"நம்ம வீட்டுக்கு வந்த பிள்ளை பட்டினியாப் போச்சேன்னு என் பொண்டாட்டி ஒரே அழுகை. தின்னு தொலை."

"நீங்கதானே மாஸ்டர் சாப்பிடக் கூடாதுன்னீங்க?" என்று கிசுகிசுத்தான்.

"சாப்பிடாதே. ஆனா தாம்பாளம் காலியாகணும். நான் வீடு திரும்ப வேண்டாமா?"

மறுநாள் வயிற்று வலி என்று படுத்துக்கொண்டான். அது இன்னும் பெரிய தப்பு. மலையிலிருந்து உமுகுசும் பெரியம்மா வேனைப் பிடித்து வந்து இறங்கினாள். கையில் ஒரு ஜாடி. பாதாம் கொட்டையை அரைத்துத் தேனும் வெண்ணெயும் குழைத்த உர்பேச்.

"வாயைத் திற."

"பெரியம்மா, வயிறு வலிக்குது..."

"அதுக்குத்தான்டா மருந்து. எங்க மலையில ஆட்டுக்குக் கூட வயித்து வலி வராது. திற!"

தேசியப் போட்டியில் எவனாலும் புரட்டிப் போட முடியாதவனைப் பெரியம்மா ஒரே கையால் அமுக்கி ஜாடியைக் காலி செய்தாள். எடைப்பொறி எழுபத்து நான்கைக் காட்டியது.

கடைசியாக ஒரு யோசனை வந்தது. "அம்மா, ரமலான்ல விட்டுப்போன நோன்பையெல்லாம் இப்பப் பிடிக்கிறேன்."

அம்மாவின் கண் கலங்கியது. "என் ராசா!" என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் அவன் நோன்பு திறக்க, அந்தக் கட்டடத்தில் இருந்த அத்தனை குடும்பங்களையும் கூப்பிட்டாள். முழு ஆடு வெந்தது. நோன்பாளி கை வைக்காமல் மற்றவர்கள் கை வைப்பார்களா? கூடம் நிறைய ஆட்கள் அவன் வாயையே பார்த்தார்கள். சுர்ஹாய் ஒரு பேரீச்சம்பழத்தைக் கடித்தான், தொழுகைக்கு நேரமாச்சு என்றான், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினான்.

அப்புறம் வீட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை. காஸ்பியன் கரையோரம் ரப்பர் உடுப்பில் ஓடினான். நீராவி அறையில் வேர்வை ஊற்ற உட்கார்ந்தான். அபாகர் கதவுக்கு வெளியே காவல் இருந்தார்.

"அம்மா தேடுவாங்களே மாஸ்டர்? அவ்வளவு சமைச்சு வச்சிருப்பாங்க, மீந்துபோனா வருத்தப்படுவாங்க."

"மீந்துபோகலையாம்டா. போன்ல கேட்டேன். பானையோட வெளியே எடுத்துட்டுப் போய் யாருக்கோ குடுத்துடறாங்களாம்."

"நல்ல மனசு" என்று உருகினான் சுர்ஹாய். ஏற்கெனவே பாதி உருகித்தான் இருந்தான்.

எடை பார்க்கும் நாள். துண்டைச் சுற்றிக்கொண்டு ஏறினான். எழுபது! அபாகர் அவனைத் தூக்கிச் சுற்றினார். தூக்குவதும் சுலபமாகத்தான் இருந்தது.

அடுத்து எதிராளி எர்லான். கஸாக்ஸ்தானிலிருந்து ஒரு வாரம் முன்பே வந்து கடற்கரை ஓட்டலில் தங்கியிருந்தவன். வந்தபோது கன்னம் ஒட்டிக் கிடந்தது. இப்போது தளதளவென்று இருந்தது. தயங்கித் தயங்கி ஏறினான்.

எழுபத்தாறு.

"சண்டை ரத்து!" என்று கத்தினார் ஏற்பாட்டாளர். சுர்ஹாய் துண்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டான். அபாகர் எர்லான் மேல் பாய்ந்தார்.

"ஏண்டா, ஊரு விட்டு ஊரு வந்து அப்படி என்னத்தைடா தின்னே?"

எர்லான் தலையைக் குனிந்துகொண்டான்.

"தினமும் ஒரு அம்மா ஓட்டலுக்குப் பானையைத் தூக்கிட்டு வந்தாங்க, மாஸ்டர். பெரியவங்க கையை எப்படித் தட்டுறது? 'ரெண்டு பேர்ல ஒருத்தன் சாப்பிட்டாப் போதும் கண்ணு'ன்னு சொல்லிச் சொல்லி ஊட்டினாங்க."