எட்டு நக வாடிக்கையாளர்

சனிக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, ராகுகாலம் முடிந்த கையோடு, தமிழர் நகத்தின் வரலாறு தொடங்கியது. அதற்கு முன்பும் நமக்கு நகம் இருந்தது. வரலாறு இல்லை.

இடம் கோவில்பட்டி, கிருஷ்ணராஜ் அண்ணாச்சியின் தீப்பெட்டி ஆபீஸ். 'நகமே வாழ்வு' திறன் மையத்தின் வட்டார ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் நானும் அங்கே இருந்தேன். ரிப்பன் வெட்டும் கத்திரியைத் தட்டில் ஏந்தி நின்றவன் நானே.

அண்ணாச்சியின் பெருந்தன்மையைச் சொல்ல வேண்டும். போன தை வரை அவர் ஆபீஸின் பின்கூடத்தில் பெண்கள் உட்கார்ந்து பெட்டியில் குச்சி அடைத்தார்கள். தையில் முன்கூடத்துக்கு ஒரு மிஷின் வந்தது. அது வெற்றிலை போடவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்கவில்லை. பின்கூடம் காலியானது. காலியான கூடத்தை அண்ணாச்சி எங்கள் மையத்துக்கு வாடகைக்குக் கொடுத்தார். வேலை போன பெண்களை அதே கூடத்தில் அதே பாயில் உட்காரவைத்து நாங்கள் நக அலங்காரம் கற்றுக்கொடுத்தோம். வேலை இழப்பும் மறுவாழ்வும் ஒரே கூரையின் கீழ். வேறு ஊர்களில் இதற்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.

திறப்பு விழாவில் அண்ணாச்சி சுருக்கமாகப் பேசினார்.

"நான் உங்க கையிலேர்ந்து குச்சியத்தான் எடுத்தேன். நகத்த எடுக்கல. அதை வச்சுப் பொழச்சுக்கிடுங்க."

யாரும் கை தட்டவில்லை. வெறுப்பு காரணம் அல்ல. போட்டோவுக்காக எல்லோருக்கும் அப்போதுதான் நகப்பூச்சு பூசியிருந்தோம். காயவில்லை. பெண்கள் பத்து விரலையும் விரித்துக் காற்றில் பிடித்தபடி அசையாமல் இருந்தார்கள். 'ஆழ்ந்த அமைதியுடன் வரவேற்றனர்' என்று அறிக்கை எழுதி, விழா வீடியோவோடு அனுப்பினேன். தலைமையகம் பதில் அனுப்பியது. வீடியோ நன்று. அடுத்த முறை கைதட்டல் அவசியம்.

பயிற்சி பெற்றவர்களில் முத்துசெல்வி முக்கியமானவர். புதூர்ப் பக்கத்துக்காரர். முதல் வகுப்பிலேயே எழுந்து நின்றார்.

"சார், இதுல சோறு உண்டுமா?"

"நகத் தொழில் உலகம் முழுக்க வளர்ந்துக்கிட்டிருக்கும்மா."

"நகம் வளருததுதான் எனக்குத் தெரியுமே. சோறு உண்டுமான்னு கேக்கேன்."

ஆர்வமுள்ள மாணவி என்று குறித்துக்கொண்டேன்.

அவர் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. பயிற்சி முடிந்து விளக்குப் பெட்டி கிடைத்தால் ஊரில் சொந்தத் தொழில். விளக்குப் பெட்டி என்பது விரலை உள்ளே விட்டால் நீல வெளிச்சம் அடித்துப் பூச்சைக் கல்லாக்கும் கருவி. அது கிடைக்காவிட்டால் திருப்பூர் பனியன் கம்பெனி. அதற்கு ஆள் ஏற்றும் வேன் புதூருக்கே வரும். எட்டாவது படிக்கும் மகளை அண்ணன் சாமித்துரை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

"அண்ணன் வீட்டுல பாத்துக்க மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"மதினி சோறு போடுவா சார். உருண்டைக்கு ஒரு பேச்சும் போடுவா. பிள்ள எதைத் திங்கும்?"

இந்த நேரத்தில் தொழிலில் மாற்றம் வந்தது. எந்தத் தொழிலிலும் முதலில் மாறுவது விதி. சான்றிதழ் மட்டும் போதாது, ஒவ்வொருவரும் பத்து வாடிக்கையாளர்களைப் பிடித்து, நகத்தைப் படம் எடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டும், ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பார், இல்லாவிட்டால் பழகக் கொடுத்த விளக்குப் பெட்டி திரும்பப் பெறப்படும் என்று தலைமையகத்தில் சொல்லிவிட்டார்கள்.

கோவில்பட்டியில் நகம் வளர்ப்பவர்கள் ஏசி உள்ள கடைக்குப் போகிறார்கள். புதூரில் நகம் வளர்ப்பவர்கள் இல்லை. கரிசல் மண் ஒருமுறை நகத்துக்குள் போனால் அங்கேயே பட்டா வாங்கிவிடும். முத்துசெல்வி காடு காடாகப் போய்க் கேட்டார். களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிராமலே பதில் சொன்னாராம்.

"எனக்கு எதுக்குட்டி? என் களைக்கொத்துக்கு ஒட்டி விடு. அதுதான் தேஞ்சு போச்சு."

ஆனாலும் கெடுவுக்கு முன்பே முத்துசெல்வியின் பத்துப் படங்களும் செயலியில் ஏறிவிட்டன. செயலி ஒவ்வொன்றுக்கும் 'அருமையான நகம்' என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தது. நான் பெருமிதத்தோடு படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு வாடிக்கையாளரின் விரலிடுக்கில் புழுக்கை இருந்தது.

போன் செய்தேன்.

"முத்துசெல்வி, இது யார் கை?"

"கை இல்ல சார். காலு."

"யார் கால்?"

"அண்ணனோட செவலை ஆடு."

"மத்த ஒன்பது பேரு?"

"எட்டு வெள்ளாடு. ஒண்ணு செம்மறி. எல்லாரையும் அரவணைச்சுப் போகணும்னு நீங்கதான வகுப்புல சொன்னிய."

விஷயம் இதுதான். சாமித்துரையின் ஆடுகளும் பக்கத்து ஆட்டுக்கிடை யோகராஜின் ஆடுகளும் சாயங்காலம் கண்மாயில் கலந்துவிடும். யார் ஆடு எது என்று தினமும் சண்டை. காதில் வெட்டிய அடையாளம் உண்டு. எல்லோரும் ஒரே மாதிரி வெட்டியிருந்தார்கள். முத்துசெல்வி அண்ணன் ஆடுகளின் குளம்பில் ரோஸ் பூசி, காலைத் தூக்கி விளக்குப் பெட்டிக்குள் வைத்தார். மறுநாள் சாமித்துரை கண்மாய்க்கரையில் நின்று ரோஸ் காலாகப் பார்த்து ஓட்டிவந்தார். அன்றைக்குச் சண்டை இல்லை. ஊருக்கே பொழுது போகவில்லை. யோகராஜ் ஊதா கேட்டு வந்தார்.

நான் விதிகளை எடுத்துப் படித்தேன். 'நகம் உடைய வாடிக்கையாளர்' என்று இருந்தது. ஆடு நீங்கலாக என்று இல்லை. விதி ஒதுக்காத ஒருவரை ஒதுக்க நான் யார்? யோசித்துப் பார்த்தால் ஆட்டைப் போல வாடிக்கையாளர் அமைவது கடினம். காலுக்கு இரண்டாக எட்டு நகம். மனிதரைவிட இரண்டு குறைவு. ஆனால் பூசும்போது போனில் பேசுவதில்லை. பக்கத்துவீட்டு ஆட்டுக்குப் போட்டது இதைவிட நன்றாயிருக்கிறது என்பதில்லை.

ஆய்வு நாள் வந்தது. தலைமையகத்திலிருந்து சத்தியபாமா மேடம் வந்தார். வாடிக்கையாளர்களைப் பின்கூடத்துக்கு அழைத்து வந்திருந்தோம். காத்திருக்க நாற்காலி போட்டோம். ஒரு குட்டி ஏறி உட்கார்ந்தது. மற்றவர்கள் நின்றார்கள். செவலை வாசலில் கட்டிய வாழைக்கன்றைத் தின்றது.

"கஸ்டமருக்கு ஸ்நாக்ஸ் உண்டா? குட்," என்று மேடம் குறித்துக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார்.

"இவங்கதான் கஸ்டமரா?"

"ஆமா மேடம்."

"திருப்தியா இருக்காங்களா?"

செவலை கத்தியது.

"என்ன சொல்றாங்க?"

"இன்னொரு கன்னு கேக்கு," என்றார் சாமித்துரை.

'உணவு வசதியை மேம்படுத்தலாம்' என்று மேடம் எழுதினார். என்னைத் தனியாக அழைத்தார்.

"குளம்பை நகம்னு எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கலேன்னா நம்ம வட்டாரம் பூஜ்யம் மேடம்."

"எடுத்துக்கிட்டா?"

"நூறு சதவீதம்."

மேடம் குனிந்து செவலையின் காலை நெடுநேரம் ஆராய்ந்தார்.

"நகம்தான்," என்றார்.

முத்துசெல்விக்கு விளக்குப் பெட்டி சொந்தமானது. திருப்பூர் வேன்காரரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டார். மற்ற பெண்களும் ஆளுக்கொரு ஊராகக் கிளம்பினார்கள். கழுகுமலைப் பக்கம் மயில்நீலம். மணியாச்சிப் பக்கம் ரயில்வே சிவப்பு. ஒரு ஊரில் கிடாய்க்கு மட்டும் தங்கநிறம், மேலே பொட்டு. ஆடு கட்டியவர்கள் தெருவில் தலைநிமிர்ந்து நடந்தார்கள். ஆடில்லாத ஒருவர் தன் கழுதையைக் கூட்டிவந்தார். முத்துசெல்வியின் மகள் பள்ளிக்கூடத்தில் 'எங்கம்மா டெக்னீசியன்' என்று சொன்னாளாம்.

இங்கேதான் அண்ணாச்சியின் அறிவு குறுக்கே வந்தது.

ஒருநாள் ஆபீஸ் வாசலில் ஒரு கிடை கடந்து போனது. அத்தனை காலும் பச்சை. அண்ணாச்சி நின்று பார்த்தார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"ஏன் சார், தீக்குச்சிக்கு ஒரு தலை. அதுக்கு ஒவ்வொண்ணாவா மருந்து தடவுதோம்?"

"இல்லை அண்ணாச்சி. சட்டத்துல அடுக்கி மொத்தமா முக்குறோம்."

"பெறகு என்ன மயித்துக்கு இந்தப் பிள்ளைக நகம் நகமாத் தடவுதுக?"

பழைய மருந்துத் தட்டு வெளியே வந்தது. அதில் சாயம் நிரப்பினார்கள். தட்டுக்கு அந்தப் பக்கம் ஓடும் பெல்ட், பெல்ட்டுக்கு இருபுறமும் நீல விளக்கு. இந்த வாசலில் ஆடு நுழையும், தட்டில் கால் வைக்கும், பெல்ட்டில் நிற்கும், அந்த வாசலில் வெளியேறும். கிடையில் பாதி வெளியே வருவதற்குள் மீதி உள்ளே போய்விடும். முதல் நாளே வந்தவர்களில் சாமித்துரையும் ஒருவர்.

"ஏட்டி, கோவிச்சுக்கிடாத," என்று தங்கையிடம் சொன்னாராம். "நீ ஒரு காலத் தூக்குததுக்குள்ள அங்கன கிடையே முடிஞ்சிருது. செவலைய மட்டும் உனக்குன்னு வச்சிருக்கேன்."

மிஷினுக்குப் பின்கூடம் தேவைப்பட்டது. எங்கள் மையம் மரத்தடிக்கு மாறியது. வேலை இழப்பு, மறுவாழ்வு, மறுபடி வேலை இழப்பு. மூன்றும் ஒரே கூரையின் கீழ். மூன்றாவது பஸ்ஸுக்கும் அவசியம் வரவில்லை.

தலைமையகம் பூரித்தது. பயிற்சி தொழிலாகி, தொழில் மிஷினாகிவிட்டது. இதற்கு வேறு வட்டாரங்களில் ஒரு தலைமுறை ஆகும். திறப்பு விழாவுக்கு உத்தரவு வந்தது. கைதட்டலுடன் கூடிய வீடியோ வேண்டும்.

நான் புதூருக்குப் போனேன். வேன் நின்றிருந்தது. முத்துசெல்வி பையோடு வரிசையில் நின்றார். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார். பனியன் கம்பெனியில் நூல் இழுபடும் என்று சொல்லியிருக்கிறார்கள். மகள் விளக்குப் பெட்டியை மடியில் வைத்து மதினி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மதினி பேச ஆரம்பித்திருந்தார்.

"முத்துசெல்வி," என்றேன், "வேனை ரெண்டு நாள் தள்ளிப்போட முடியுமா? மிஷின் திறப்பு விழா. மேடம் வாராங்க. நீங்க எல்லாரும் முன்வரிசையில உக்காந்து கை தட்டணும். இந்தத் தடவை நகப்பூச்சு கிடையாது. கை சும்மாதான் இருக்கும்."

அவர் பையை வேனுக்குள் வைத்தார். படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினார்.

"அதுக்கு மட்டும் மிஷின் வரலையா சார்?"