சுவர் சித்தர் தொட்டால் சிவக்கும்

ஸ்ரீரங்கத்தில் சுவருக்கும் தோஷம் பார்க்க ஆள் வந்துவிட்டார். மனுஷனுக்குப் பார்த்தாகிவிட்டது. மாட்டுக்குப் பார்த்தாகிவிட்டது. தவணையில் வாங்கிய காருக்கும் பார்த்தாகிவிட்டது. பாவம், சுவர் மட்டும் எத்தனை நாளைக்குச் சும்மா நிற்கும்?

பெயர், சுவர் சித்தர். மேலூர் ரோட்டில் ஒரு மாடிப் போர்ஷன். வியாழக்கிழமை காலையில் போனால் செருப்பு விட இடம் இருக்காது. லால்குடியிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள், கைலாசபுரத்திலிருந்து காரில் வந்தவர்கள், எல்லார் கையிலும் செல்போன், போனுக்குள் அவரவர் வீட்டுச் சுவரின் போட்டோ. பெண்ணுக்கு வரன் பார்க்கக்கூட இவ்வளவு தெளிவாகப் போட்டோ எடுத்திருக்க மாட்டார்கள்.

சித்தராவதற்கு முன் அவர் அழகர்சாமி. செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்தார். கடை ஓடவில்லை. சித்தர் ஓடுகிறார்.

வீட்டுக்கு வந்தால் கையில் ஒரு செம்பு. அதில் மஞ்சளாக ஒரு தீர்த்தம். பச்சைமலை உச்சியில் பறித்த ஏழு மூலிகையாம். அதைச் சுவரில் தெளிப்பார். நல்ல சுவர் என்றால் தண்ணீர் மஞ்சளாகவே நிற்கும். தோஷமுள்ள சுவர் என்றால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரத்தமாகச் சிவக்கும். கூட்டம் "ஐயோ" என்னும். உடனே பாட்டிலைத் திறந்து 'சாந்தி தீர்த்தம்' தெளிப்பார். சிவப்பு போய் மஞ்சள் திரும்பும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். காணிக்கைக்குச் செம்பிலேயே க்யூஆர் கோடு ஒட்டியிருந்தது. இந்தக் காலத்து அருள், சிக்னல் இருக்கிற இடத்தில்தான் இறங்கும்.

அதோடு விட்டாரா? "சாந்தி தற்காலிகம்தான். ராசியான கை திரும்ப அடிக்கணும்" என்பார். அந்த ராசியான கை ஊரிலேயே ஒன்றே ஒன்றுதான். முருகானந்தம் என்கிற பெயிண்டரின் கை. அவர் சித்தருக்கு என்ன உறவு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் தோஷம் வந்துவிடுமே.

இந்தச் சமயம் பார்த்துத்தான் கலைமதி சொந்தமாகப் பெயிண்டிங் தொழில் ஆரம்பித்தாள்.

பன்னிரண்டு வருஷம் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தவள். பட்டி பார்க்க, உப்புத்தாள் தேய்க்க, ரோலர் இழுக்க, எல்லாம் தெரியும். "உன்னை நம்பி எவ வீட்டுச் சாவியக் குடுப்பா? பத்து நாள்ல திரும்பி வருவ" என்று கான்ட்ராக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அவள் இரண்டு ஏணி வாங்கினாள். பழைய மொபெட் ஒன்று வாங்கினாள். விசிட்டிங் கார்டும் அடித்தாள்.

முதல் சாவியைக் கொடுத்தவர் பிரேமலதா டீச்சர். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். மேலூர் ரோட்டில் பழைய வீடு வாங்கி, ஹாலை இடித்துப் புதுசாகப் பூசியிருந்தார். பின்பக்கச் சமையலறை மட்டும் பழைய பெயிண்டோடு அப்படியே இருந்தது. "டீச்சர் வீடு முடியட்டும், பாத்துட்டு நாங்களும் சொல்றோம்" என்று அதே தெருவில் மூன்று வீட்டுக்காரர்கள் காத்திருந்தார்கள். இந்த ஒரு வீடு சரியாக அமைந்தால் தொழில் நிற்கும். இல்லாவிட்டால் கான்ட்ராக்டர் வாசல்தான்.

கலைமதி ஹாலுக்கு ஒயிட் சிமெண்ட் இரண்டு கோட்டு அடித்து முடித்தாள். மறுநாள் கலர். அதற்குள் எதிர்வீட்டுச் செல்லக்கிளி வந்துவிட்டாள்.

"டீச்சர், கலர் அடிக்கிறதுக்கு முன்னாடி சித்தரக் கூப்பிட்டு ஒரு தடவ பாத்துருங்க. அப்புறம் குத்தம் குறைன்னா யாரு அனுபவிக்கிறது?"

அறிவியல் டீச்சர் ஒரு நிமிஷம் யோசித்தார். ஒரு நிமிஷம்தான்.

சித்தர் வந்தார். பின்னாலேயே தெருவும் வந்தது. சமையலறைச் சுவரில் தெளித்தார். மஞ்சள். ஹால் சுவரில் தெளித்தார். சிவப்பு! சொட்டுச் சொட்டாக வழிந்தது.

"இந்தச் செவுத்த யாரு அடிச்சது?"

"நான்தான் சாமி" என்றாள், ஏணியில் நின்ற கலைமதி.

"பொம்பளையா? ஏணியில பொம்பள ஏறினா வாஸ்து புருஷன் எப்படிம்மா தாங்குவான்? பாரு, ரத்தமா கக்குறான்!"

"ஏன் சாமி, நான் வெறும் அம்பது கிலோதானே?"

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "கலைமதி, நீ தப்பா நெனச்சுக்காத. நாளைக்கு முருகானந்தம் வந்து அடிக்கட்டும்மா."

கலைமதி கொல்லைக் குழாயடிக்குப் போனாள். அழவில்லை என்று சொல்ல மாட்டேன். முகம் கழுவக் கையை நீட்டியபோதுதான் பார்த்தாள். சித்தர் வீசிய தண்ணீர் அவள் கையிலும் தெறித்திருந்தது. ஒயிட் சிமெண்ட் காய்ந்து ஒட்டியிருந்த இடம் சிவப்பு. வெறும் தோல் மட்டும் மஞ்சள். சிமெண்ட் பொருக்கை நகத்தால் பெயர்த்தாள். அதன் அடியிலும் வெறும் தோல்தான்.

"அட, ஒரே கையில ரெண்டு ராசியா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"டீச்சர், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நாளைக்குக் காலையில கொல்லைக் காம்பவுண்டு செவுத்துல பாதிய முருகானந்தம் அண்ணன் ஒயிட் சிமெண்ட் அடிக்கட்டும். மீதிப் பாதிய நான் வெள்ளை எமல்ஷன் பெயிண்ட் அடிக்கிறேன். யாரு எந்தப் பக்கம்னு சித்தருக்குச் சொல்ல வேணாம். அதுக்கு மறுநாள் வந்து பாத்துச் சொல்லட்டும். என் பக்கம் ரத்தம் கக்குச்சுன்னா நான் ஏணியத் தூக்கிட்டுப் போயிடுறேன்."

டீச்சருக்கு மனசு இளகியது. செல்லக்கிளிக்கு வேடிக்கை கிடைத்தது. முருகானந்தத்துக்கு ஒரு நாள் கூலி கிடைத்தது. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். மறுநாள் முருகானந்தம் வலது பக்கம் அடித்தார், கலைமதி இடது பக்கம் அடித்தாள். இரண்டு பாதியும் ஒரே வெள்ளை. ஊரார் சொல்லிச் சொல்லித் தன் கைராசியை முருகானந்தமே நம்பிவிட்டிருந்தார், அதனால் எந்தப் பக்கம் என்று சித்தருக்குச் சொல்லி வைக்கத் தோன்றவில்லை.

அதற்கு அடுத்த நாள் கொல்லையில் நிற்க இடமில்லை. சித்தர் கண்ணை மூடி முணுமுணுத்தார். இடது பக்கம் தெளித்தார். மஞ்சள். வலது பக்கம் தெளித்தார். ரத்தம்!

"பாருங்கோ ஜனங்களே! இதுதான் அந்தப் பொண்ணு அடிச்ச பக்கம்! சண்டாளக் கை!"

கூட்டத்திலிருந்து ஒரு குரல் அலறியது.

"யோவ் மச்சான்! அது நான் அடிச்சதுய்யா!"

ராசியான கை, தலையில் இருந்தது.

"மச்சானா?" என்றாள் செல்லக்கிளி. "சாமிக்கு முருகானந்தம் மச்சானா?"

"பூர்வ ஜென்மத்து உறவும்மா" என்றார் சித்தர். கால் மட்டும் இந்த ஜென்மத்து வாசலைத் தேடியது.

"கொஞ்சம் இருங்க சாமி, இன்னும் முடியல" என்றாள் கலைமதி. "செல்லக்கிளி அக்கா, போன மாசம் உங்க மக புள்ளையத் தூக்கிட்டு வந்தப்ப ஆரத்தி எடுத்தீங்கல்ல? அத எப்படிக் கரைச்சீங்க?"

"இதென்ன கேள்வி? தண்ணியில மஞ்சப்பொடி, அதுல துளி சுண்ணாம்பு. செவசெவன்னு வந்துரும்."

சொல்லி முடித்த பிறகும் செல்லக்கிளியின் வாய் மூடவில்லை.

கலைமதி சமையலறையிலிருந்து தட்டு கொண்டுவந்தாள். மஞ்சளைக் கரைத்தாள். முருகானந்தத்தின் பக்கம் தெளித்தாள். சிவந்தது. அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். மஞ்சளானது. சாந்தி தீர்த்தப் பாட்டிலை வாங்கி மோந்து பார்த்த செல்லக்கிளி சொன்னாள்: "அடப்பாவி, ஊறுகாய் வாசன அடிக்குது!"

"சுண்ணாம்போ சிமெண்டோ, அது பட்டா மஞ்சள் செவக்கும். சமையக்கட்டுல பழைய பெயிண்டும், இங்க என் பக்கத்துல எமல்ஷனும் அத மூடி வச்சிருக்கு, அதனால செவக்கல. கைராசியும் இல்ல, காத்துக் கருப்பும் இல்ல டீச்சர்."

டீச்சர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "மஞ்சத்தாள் சோதனை... வருஷா வருஷம் நானே நடத்தியிருக்கேனே! பரீட்சையில ரெண்டு மார்க்கு கேள்வி!"

பிள்ளைகள் மார்க்கு வாங்கினார்கள். டீச்சர் தீர்த்தம் வாங்கினார்.

சித்தர் போன வேகத்தில் செம்பை விட்டுவிட்டுப் போனார். க்யூஆர் கோடு மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. டீச்சர் எழுந்து வீட்டுச் சாவியை மறுபடி கலைமதி கையில் வைத்தார். "கலர் நாளைக்கே ஆரம்பிச்சுரும்மா."

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நம் ஜனங்களை உங்களுக்குத் தெரியாதா? செல்லக்கிளி மெதுவாகக் கலைமதியை ஓரம் கட்டினாள்.

"ஏன் கலைமதி, சித்தரையே ஓட்டிட்டியே, உன் வாக்குல ஏதோ இருக்கு. எங்க வீட்டுச் செவுத்துலயும் உன் கையால ஒரு வாட்டி மஞ்சத்தண்ணி தெளிச்சு நல்லதா கெட்டதான்னு சொல்லிடேன்?"

கலைமதி விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினாள்.

"பெயிண்ட் அடிக்கணும்னா கூப்பிடுங்கக்கா. குறி கேக்கணும்னா அந்தச் செம்ப எடுத்துட்டுப் போயி நீங்களே தெளிச்சுக்குங்க. உங்களுக்குத்தான் ஆரத்தி கரைக்கத் தெரியுமே!"

ஊரில் ஆரத்தி கரைக்கத் தெரியாத வீடு ஏது? தாராளமாகக் கரையுங்கள். சுற்றுங்கள். வாசலில் கொட்டுங்கள். கொட்டும்போது புத்தியையும் சேர்த்துக் கொட்டிவிடாதீர்கள். செம்போடு வருகிறவன் அதைத்தான் பொறுக்கிக்கொண்டு போகிறான்.