கிணற்றுத் துணுக்குக்கு ஒரு மறுப்பு

அருகன் துணை

வடசித்தேரி,
திண்டிவனம் வழி,
தென்னாற்காடு மாவட்டம்.
3.11.1986

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நீண்டநாள் வாசகன், ஓய்வுபெற்ற நில அளவையர் ப. தரணேந்திர நயினார் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே மழை போதிய அளவு பெய்து ஏரி கடைவாசல் வரை நிரம்பி நிற்கிறது. அங்கே தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், என் கையெழுத்தைப் படித்து அச்சுக்கோக்கிற அந்தப் புண்ணியவான்களும் சளி இருமல் இல்லாமல் நலமாக இருக்க வேண்டும். நானும் என் மனைவி சாந்தாமணியும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் வருகிற 21ஆம் தேதி வெள்ளிக்கிழமை பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் அவளுக்கு வயிற்றில் ஒரு கட்டி எடுக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் தாங்கள் என் துணுக்கு ஒன்று பொய் என்று பத்திரிகையில் மறுப்பு வெளியிட்டாக வேண்டும். துணுக்குக்கும் கட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதைத்தான் கீழே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

தங்கள் இதழின் ‘கேட்டால் நம்பமாட்டீர்கள்’ பகுதிக்கு ஒன்பது வருடமாக எழுதி வருகிறேன். இதுவரை நாற்பத்து மூன்று துணுக்குகள் வெளிவந்துள்ளன. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்பது என்னுடையது. ஒட்டகச்சிவிங்கிக்கும் மனிதனுக்கும் கழுத்தில் ஏழே எலும்பு என்பது என்னுடையது. திருவக்கரையில் மரங்கள் கல்லாகிக் கிடப்பதையும், கண்டமங்கலம் பக்கம் ஒரே வீட்டில் அடுப்பு தமிழ்நாட்டிலும் அம்மி பாண்டிச்சேரியிலும் இருப்பதையும் நான்தான் எழுதினேன். அந்த வீட்டை நானே சங்கிலி பிடித்து அளந்தவன். அளக்காத எதையும் நான் எழுதியதில்லை. இந்த வருடம் ஆடி, ஆவணி இரண்டு மாதமும் என் துணுக்கு ஒன்றுகூட வரவில்லை, அதே நேரம் வந்தவாசி வாசகி ஒருவருடையது வாராவாரம் வந்தது, ஒரு வாரம் இரண்டு வந்தது. எனக்கு வயிறு எரிந்தது ஐயா, மறைப்பானேன். அந்த எரிச்சலில் ஒரு கார்டை எடுத்து, ‘திண்டிவனம் அருகே வடசித்தேரியில் ஒரு கிணறு உள்ளது. அதில் கூப்பிட்டால் எதிரொலி மறுநாள்தான் வரும்’ என்று எழுதிப் போட்டுவிட்டேன். முழுப் பொய். பொய் சொல்லக்கூடாது என்று விரதம் எடுத்த சமணக் குலத்தில் பிறந்தவன் நான். தாங்கள் அதைக் கட்டம் கட்டி, எல்லாவற்றுக்கும் மேலே போட்டீர்கள்.

சாந்தாமணி படித்துவிட்டு, “இன்னாங்க இது, நம்ம கிணறா? ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லலியே” என்றாள். அதற்குள் பக்கத்து வீட்டு வேங்கடேசன் பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கமாக வந்துவிட்டான். சாயங்காலம் நாலு மணி. நாங்கள் பொழுது சாய்வதற்குள் சாப்பிடுகிறவர்கள், அவள் சாப்பாட்டுக்குத் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள். வேங்கடேசன் கிணற்றுக்குள் குனிந்து, “டேய் வேங்கடேசா” என்று தன்னையே கூப்பிட்டான். எந்தக் கிணறும் கூப்பிட்டால் உடனே திருப்பிச் சொல்லும். முப்பத்தொரு வருடமாக எங்கள் கிணறும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அன்று சொல்லவில்லை. குரலை வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி தண்ணீர் அப்படியே அசையாமல் கிடந்தது. “நயினாரே, எதிரொலி ஊட்ல இல்ல போல கீது” என்று வேங்கடேசன் சிரித்தான். நானும் சிரித்தேன். எனக்கு வியர்த்தது அவனுக்குத் தெரியாது.

மறுநாள் நாலு மணிக்கு சாந்தாமணி குடத்தையும் கயிற்றையும் அப்படியே போட்டுவிட்டு உள்ளே வந்தாள். “ஏங்க, உங்க கிணறு பேசுது” என்றாள். முந்தின நாள் வரை அது நம்ம கிணறு, அன்றிலிருந்து என் கிணறு ஆகிவிட்டது. போய் நின்றேன். உள்ளேயிருந்து, “டேய் வேங்கடேசா” என்று தெளிவாக வந்தது. சுற்றுமுற்றும் பார்த்தேன், வேங்கடேசன் திண்டிவனம் சந்தைக்குப் போயிருந்தான்.

அப்புறம் நடந்த கூத்தை எழுதினால் தங்கள் பத்திரிகை தாங்காது. விழுப்புரத்திலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். மகாளய அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிற ஸ்பெஷல் பஸ் எங்கள் தெருமுனையில் நின்று, முப்பது பேர் வரிசையில் வந்து, செத்துப்போன உறவுக்காரர்களைக் கூப்பிட்டு அழுதுவிட்டுப் போனார்கள். மறுநாள் எங்கள் வீட்டில் யாருமே இல்லாத கொல்லையில் முப்பது பேர் ஒருவர்பின் ஒருவராக அழுதார்கள், நானும் இவளும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மூன்றாம் வீட்டு அஞ்சம்மாள் கிணற்றடியில் நின்று தன் மாமியாரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போக, மறுநாள் மாமியார்க்காரி தண்ணீர் எடுக்க வந்த நேரம் பார்த்துக் கிணறு ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தது. அந்த அம்மாள் என்னிடம் வந்து, “நயினாரே, உங்க கிணத்துக்கு மரியாத தெரியல” என்று சண்டை பிடித்தாள். யாரோ ராட்டினத்துக்கு மஞ்சள் கயிறு கட்டினார்கள். நாங்கள் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கிறவர்கள் ஐயா. குரலை எந்தத் துணியில் வடிகட்டுவது?

இத்தோடு நின்றிருந்தால் தங்களுக்குத் தொந்தரவு கொடுத்திருக்க மாட்டேன். அளந்து பழகிய கை, சும்மா இருக்குமா, ஒரு நோட்டுப் போட்டு தேதி, நேரம், குரல் எல்லாம் குறித்து வந்தேன். ஒவ்வொரு குரலையும் கிணறு இரண்டு நாள் நாலு மணிக்குச் சொல்கிறது, பிறகு விட்டுவிடுகிறது. முதலில் ஒரு நாள் தள்ளிச் சொன்னது, ஐப்பசி பிறந்ததும் அன்றன்றைக்கே சொல்ல ஆரம்பித்தது. சரி, மற்ற கிணறுகள் மாதிரி ஆகிவிட்டது, சனியன் விட்டது என்று நினைத்தேன். அடுத்த வாரம் ஒருநாள் கிணற்றுக்குள்ளிருந்து வேங்கடேசன் குரல், “பாம்பு, பாம்பு, கால்ல சுத்திக்கிச்சி, யாராவது வாங்களேன்” என்று அலறியது, கடைசியில் ஒரு இருமல். கம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவன் வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். “நான் எங்க கத்தினேன்? உங்களுக்கு இன்னா ஆச்சி நயினாரே” என்றான். நாலாம் நாள் அவனுடைய வேர்க்கடலை நிலத்து வரப்பில் (நாங்கள் மல்லாட்டைக் கொல்லி என்போம்) நான் நின்றுகொண்டிருந்தபோது, என் கண்ணெதிரே அவன் காலில் ஒரு சாரைப்பாம்பு சுற்றியது. அதே வார்த்தைகள் ஐயா, அதே வரிசை, கடைசியில் அதே இருமல். கிணற்றுக்கும் கொல்லிக்கும் அரை மைல் தூரம். பாம்பு தன்பாட்டுக்குப் போய்விட்டது, வேங்கடேசன்தான் காய்ச்சலில் படுத்துவிட்டான். தேறி எழுந்ததும், “நான் இன்னா கத்தப் போறேன்னு எனக்குத் தெரிய வேணாம்” என்று கொல்லைப்பக்க வேலியை முள் போட்டு அடைத்துவிட்டான். அதற்குப் பிறகு ஊரில் யாரும் வருவதில்லை, எல்லோரும் கோடிவீட்டு அடிபம்புக்குப் போகிறார்கள். எங்கள் வீட்டுப் பக்கம் அவ்வளவு அமைதி.

இனிமேல்தான் விஷயம். முப்பத்தொரு வருடத்தில் நான் என் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘இந்தா’, இல்லாவிட்டால் ‘இதப் பாரு’. அவளுக்கு நான் ‘ஏங்க’. இந்தக் கடிதத்தில் பெயரை எழுதுகிறேனே என்றால், எழுதலாம், வாயால் சொல்லத்தான் கூச்சம். போன மாதம் ஆஸ்பத்திரியில் பதிவு எழுதுகிற பெண் இவளிடம் புருஷன் பெயர் கேட்க, இவள் என்னைக் கைகாட்டி, “அவரையே கேளுங்க” என்றாள். என்னிடம் நோயாளி பெயர் கேட்க, நான் ரேஷன் கார்டை எடுத்து நீட்டினேன். “ரெண்டு பேரும் ஒரே வீட்லதான் இருக்கீங்களா?” என்று அந்தப் பெண் கேட்டது. நேற்று, தீபாவளிக்கு மறுநாள் அமாவாசை, இவளுக்கு வலி என்று நான் தண்ணீர் சேந்தப் போனேன். வாளியை இறக்கிக்கொண்டிருக்கும்போது கிணற்றுக்குள்ளிருந்து என் குரல் வந்தது. “சாந்தாமணி. சாந்தாமணி. கண்ணத் தெற. சாந்தாமணி.”

என் குரல்தான். ஆனால் அப்படிக் கமறிப் போய் நான் இதுவரை பேசியதே இல்லை. வாளியைக் கயிற்றோடு விட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடிவந்துவிட்டேன். இவள் சமையலறையில் கேப்பை மாவு சலித்துக்கொண்டிருந்தாள். “வாளி எங்க?” என்றாள். “உள்ள உழுந்துடுச்சி” என்றேன். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், “இன்னாத்துக்கு இப்டி பாக்கறீங்க” என்று சலித்துக்கொண்டாள். முப்பத்தொரு வருடம் பெயர் சொல்லாத ஒருவன் எப்போது சொல்வான் என்று எனக்குத் தெரியும், தங்களுக்கும் தெரியும். ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டால், தள்ளிப்போட்டால் ஆபத்து என்கிறார் டாக்டர். அன்று வாயையே திறக்காமல் இருந்துவிடலாமா என்று பார்த்தேன், வேங்கடேசனும் நான் சொன்னதைக் கேட்டு, பாம்பு பாம்பு என்று கத்தக்கூடாது என்றுதான் இருந்தான், கடைசியில் கத்தினான். எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா. அவள் இல்லாமல் இந்த வீட்டில் ஒரு சொம்பு எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

ஆகவே, தங்கள் பாதம் தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கிணறு அச்சில் வந்த பிறகுதான் பேச ஆரம்பித்தது, அச்சில் மறுத்தால் நின்றுவிடும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அடுத்த இதழிலேயே, ‘வடசித்தேரிக் கிணறு பற்றிய துணுக்கு முழுப் பொய், எழுதியவர் மன்னிப்புக் கேட்கிறார்’ என்று பெரிய எழுத்தில், என் பெயர் போட்டே வெளியிடுங்கள். அதில் கேட்ட குரல்களும் பொய் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், அது முக்கியம். இனி நான் துணுக்கு எழுத மாட்டேன். என் இடத்தையும் வந்தவாசி அம்மாளே எடுத்துக்கொள்ளட்டும், எனக்கு வருத்தமில்லை.

தாங்களும் தங்கள் பத்திரிகையும் நூறு வருடம் விளங்க வேண்டும். அச்சகத்தார் அனைவருக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள (இந்தத் தடவை மட்டும் பொய் சொல்லிவிட்ட)
ப. தரணேந்திர நயினார்

பி.கு.: தயவுசெய்து மறுப்பு வெளியிட வேண்டாம். மேலே எழுதியதை உறையில் போடும்போது சாந்தாமணி வாங்கிப் படித்துவிட்டாள். பிறகு, “எம்மா நேரம் நின்னு கேட்டீங்க?” என்றாள். பேர் காதில் விழுந்ததும் ஓடிவந்துவிட்டேன் என்றேன். “ஊர் நெலத்தயெல்லாம் அளந்த மனுசன், இத பாதியில உட்டுட்டு ஓடியாந்தீங்களா? எழுந்திருங்க” என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். இன்று நாலு மணிக்கு இருவரும் கிணற்றடியில் நின்றோம். என் குரல் வந்தது, நேற்று மாதிரியே மூன்று தடவை பெயர் சொல்லி. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. இவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இவளுடைய குரல், நாக்கு வறண்டு போன குரல், கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “கத்தாதீங்க தரணேந்திரன். முழிச்சிக்கினுதான் கீறேன். கொஞ்சம் தண்ணி குடுங்க.” பக்கத்தில் நின்றவள், “ஐயையோ, உங்க பேரச் சொல்லிட்டேனே” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஆகையால் ஐயா, 21ஆம் தேதி வரையிலாவது அந்தத் துணுக்கு உண்மையாகவே இருக்கட்டும். யார் கேட்டாலும் உண்மை என்றே சொல்லுங்கள். இன்று இவள் குரலுக்குப் பிறகும் கிணறு மறுபடி ஏதோ சொல்ல ஆரம்பித்தது. நான் இந்த முறை ஓடவில்லை, நின்றேன். இவள்தான் விடவில்லை. “நமக்கு இம்மா போதும், வாங்க” என்று என்னை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள்.